ரோஸ்ஹில்லில் பன்னிரண்டு சனிக்கிழமைகள்: எழுத்துப் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த ஆண்டு, மொரிசியஸில் எங்கள் ரோஸ்ஹில் நகரில், தமிழில் கதை எழுதும் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, பன்னிரண்டு சனிக்கிழமைக் காலைகளை அங்கே கழித்தேன். செய்தி எப்படியோ பரவிவிட்டது. கல்யாணப் பந்தியில் ஏழு கறி பரிமாறும்போது ஒருவர் கேட்கிறார். போர்ட் லூயிஸ் போகும் மெட்ரோவில் இன்னொருவர் கேட்கிறார். தைப்பூசத்தன்று பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டே ஒரு பெண் கேட்டாள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொன்ன பிறகு எழுதி வைத்துவிடுவது சுலபம் என்று தோன்றியது. கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. கிரியோலில், அதாவது பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் தீவு மொழியில், கேட்டதைத் தமிழில் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

எழுதுவதைக் கற்றுக்கொடுக்க முடியுமா, அக்கா? அது பிறவியிலேயே வர வேண்டியதல்லவா?

நாதஸ்வரம் வாசிப்பவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. யாரிடமாவது உட்கார்ந்து கற்றிருப்பார் என்று நாமே எடுத்துக்கொள்கிறோம். எழுத்துக்கு மட்டும் நாமகள் நேரில் வந்து நாக்கில் எழுதிவிட்டுப் போக வேண்டும் என்று காத்திருக்கிறோம். கதை எழுதுவதைப் பாடமாக வைப்பது ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் அதற்கென்று ஒரு பட்டறையை 1936இலேயே தொடங்கிவிட்டது.

எதை எழுதுவது என்பதை எவராலும் கற்றுக்கொடுக்க முடியாது. எழுதி முடித்ததை, அடுத்த வீட்டுக்காரர் எழுதியதைப் போலப் படிக்கக் கற்றுக்கொடுக்கலாம். அடுத்தவர் குறை நமக்குச் சட்டென்று தெரிகிறது அல்லவா, அந்தக் கண்ணை நம் பக்கம் திருப்புவதுதான் பயிற்சி. பன்னிரண்டு வாரத்தில் எனக்கு அது பாதிதான் வந்தது.

அத்தனை வாரமும் உட்கார்ந்து என்னதான் செய்தீர்கள்?

பதினான்கு பேர் சேர்ந்தோம், ஒன்பது பேர் முடித்தோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் நடத்தினார். அரை மணி நேரம் வாய் திறக்காமல் எழுதுவோம். பிறகு ஒருவர் தம் பக்கத்தை வாசிப்பார், மற்றவர்கள் பேசுவார்கள், எழுதியவர் மட்டும் பேசக் கூடாது. நடுவில் தேநீரும் காத்தோ பிமானும், அதாவது தீவுக்கு வந்து பெயர் மாற்றிக்கொண்ட நம் பருப்பு வடையும் உண்டு.

முதல் நாளே ஆசிரியை ஒரு தடை உத்தரவு போட்டார். நான்கு வாரத்துக்கு யாரும் கரும்பு, கடல், அழிந்துபோன நம் தீவுப் பறவையான டோடோ மூன்றையும் தொடக் கூடாது. கடலோரக் கரும்பு வயலில் டோடோ நிற்கும் கதையோடு வந்திருந்த ஒருவர் (மிகைப்படுத்துகிறேன், கொஞ்சம்தான்) மறுவாரம் வரவில்லை. எங்களுக்குக் கொடுத்த முதல் பயிற்சி, உடைந்த பிறகும் தூக்கி எறியாமல் சமையலறையில் வைத்திருக்கும் பொருள்களைப் பட்டியல் போடுவது. என் வீட்டில் பதினேழு தேறின: கைப்பிடி போன வாணலி, மூடி மட்டும் மிஞ்சிய டப்பா, விரிசல் விட்ட அம்மி என்று. அதுவரை என் வீட்டில் கதை எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் படித்த தமிழோடு சரி, ற எது ர எது என்று இன்னும் தடுமாறுகிறேன். நான் போகலாமா?

போகலாம். ற, ர தகராறைத் தீர்க்க ஓர் அகராதி போதும். நம்மைப் பிடித்திருக்கும் வியாதி வேறு. நாம் தமிழைத் தேர்வுக்காகப் படித்தவர்கள், மதிப்பெண் வாங்கித் தரும் தொடர்களை மனப்பாடம் செய்தவர்கள். பேனாவை எடுத்தாலே 'இயற்கை எழில் கொஞ்சும்' என்று கை தானாக ஓடுகிறது. ஆசிரியையின் சிவப்பு மை எழுத்துப் பிழைகளை விட்டுவிட்டு இந்தத் தயார்த் தொடர்களைத்தான் தேடிப் பிடிக்கும். என் முதல் பக்கத்தில் பதினோரு கோடுகள். 'கண்களில் நீர் மல்க', 'காலச் சக்கரம் சுழன்றது', எல்லாம் இருந்தன. அவற்றை எடுத்த பிறகு மிஞ்சியது இரண்டு வாக்கியம். அந்த இரண்டில் எழுத்துப் பிழை இருந்தது, ஆனால் அவை என்னுடையவை.

'சொல்லாதே, காட்டு' என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

வெளிநாட்டுச் சரக்கு என்றுதான் நானும் நினைத்தேன். ஆசிரியை தொல்காப்பியத்தைத் திறந்தார். பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் இருக்கிறது. உள்ளே இருப்பது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மை இழிவாக நடத்துவது, இழப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. பள்ளியில் இதை மனப்பாடம் செய்து ஒப்பித்தபோது, இது வேலைக்கு உதவும் கருவி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பயிற்சி இதுதான்: ஒரு பெண் அழுகிறாள். நான்கில் எந்தக் காரணம் என்று சொல்லாமல், 'அழுதாள்' என்ற சொல்லும் வராமல் எழுத வேண்டும். எது என்று வகுப்பு கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர், மூடிப்போன ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண் மறுநாளும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து சீருடையை இஸ்திரி போடுவதாக எழுதினார். எல்லோரும் 'அசைவு' என்றோம். இன்னொருவர் வறுமையை எழுதியதாக நினைத்தார். மூலைக்கடையில் ஒரு பெண் கடன் நோட்டை நீட்டுகிறாள், கடைக்காரர் அதைத் திறக்காமலே அடுத்த ஆளிடம் 'உங்களுக்கு என்ன?' என்று கேட்கிறார். மற்ற எல்லோரும் ஒரே குரலில் 'இளிவு' என்றோம். எழுதியவர் சிறிது நேரம் பேசவில்லை. அது அவருடைய அம்மா.

எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே இருந்தாலும் கதை நகராது. மூன்று ஆண்டு கழிந்தது என்றால் 'மூன்று ஆண்டு கழிந்தது' என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

கரும்பு இல்லாமல் மொரிசியஸ் கதை எழுத முடியுமா?

மேலே சொன்ன தடை ஐந்தாம் வாரம் நீங்கியது. அதற்குள் எபேன் அழைப்பு மையத்தில் இரவு முழுக்கப் பிரெஞ்சு பேசும் பையனும், தனிவகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டு வாசலிலேயே இரண்டு மணி நேரம் நிற்கும் தாயும் கதைக்குள் வந்துவிட்டார்கள். பிறகு கரும்பு வெட்டியவரின் மகன் ஒருவர் கரும்பைத் தொட்டார். வயல் நடுவே கருங்கற்களைக் குவித்துக் குவித்து வைத்திருக்கிறார்களே, அவர் அந்தக் குவியல்களைத்தான் எழுதினார். நிலத்தைத் திருத்தும்போது ஒவ்வொரு கல்லையும் யாரோ கையால் தூக்கியிருக்கிறார்கள். அப்பா அந்தக் குவியலின் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார், ஆனால் மகனை அதன்மேல் ஏற விட மாட்டார். ஏன் என்று கதையில் சொல்லவில்லை. நாட்காட்டியில் பார்க்கும் கரும்புக்கும் இதற்கும் உள்ள தூரம் அன்றைக்குத் தெரிந்தது.

நாங்கள் வீட்டில் கிரியோல்தான் பேசுகிறோம். கதையில் பாட்டி எப்படித் தமிழ் பேசுவாள்?

எங்கள் வகுப்பில் மூன்று சனிக்கிழமைகளைத் தின்ற கேள்வி இது. பாட்டி வாயில் வந்தது கிரியோல், காகிதத்தில் வர வேண்டியது தமிழ். ஒருவர் பாட்டியை மதுரைக்கே அனுப்பிவிட்டார். தொலைக்காட்சித் தொடரின் மாமியாரைப் போலப் பேசினாள். நான் செந்தமிழ் பேச வைத்தேன். வானொலிச் செய்தி வாசித்தாள். ஆசிரியை சொன்ன வழி: அவள் பேசிய விதத்தைப் பிடியுங்கள். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுபவளா, ஊரைச் சுற்றி வருபவளா, கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்பவளா? அந்த விதம் தமிழில் வந்துவிட்டால், அவள் பேசியது எந்த மொழி என்று படிப்பவர் கேட்பதில்லை.

ஆனால் மொழி மாறும்போது வேறு ஒன்று நடக்கிறது. அதுதான் இந்தப் பயிற்சியில் நான் கற்றதிலேயே பெரியது. கிரியோலில் 'தாந்தின்' என்றால் அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லோரும்தான். தமிழில் எழுத உட்கார்ந்தால் யார் என்று முடிவு செய்தே தீர வேண்டும். 'தாந்தின் வீட்டில் வளர்ந்தேன்' என்று மனத்தில் வைத்திருந்த ஒரு பெண், கை போன போக்கில் 'சித்தி வீட்டில்' என்று எழுதினாள். உண்மையில் அது அத்தை. திருத்தினாள். திருத்தியதும், அந்த வீட்டில் அத்தை மகன் ஒருவன் இருந்திருக்க வேண்டுமே, அவன் ஏன் கதையில் வாயே திறக்கவில்லை என்று வகுப்பு கேட்டது. அவள் முகம் சிவந்துவிட்டது. மறுவாரம் வந்த கதை வேறு கதை.

'லி' என்ற சொல்லும் அப்படித்தான். அவன், அவள், அவர், அது எல்லாமே கிரியோலில் 'லி'. வினையும் எதையும் காட்டிக்கொடுக்காது. தமிழில் வந்தானா, வந்தாளா, வந்தாரா என்று வாக்கியம் முடிவதற்குள் சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு வரும் அப்பாவுக்கு மரியாதை விகுதி போடலாமா என்று ஒருவர் ஒரு மணி நேரம் வாதாடினார். கடைசியில் கதை முழுக்க 'வந்தார்', ஒரே ஓர் இடத்தில் 'வந்தான்' என்று வைத்தார். அந்த இடத்தை வாசிக்கும்போது அவர் குரல் இறங்கியது.

கிரியோல் சொற்களை அப்படியே எழுதலாமா? அடிக்குறிப்பு போட வேண்டுமா?

எழுதலாம், பல நேரங்களில் அது நம் வீட்டுப் பிள்ளைதான். கொத்தமல்லி இங்கே கொத்தோமிலி, கறிவேப்பிலை காரிபுலே, முருங்கை முரும், பீர்க்கங்காய் பிப்பங்காய், ரசம் ரசோன். ஒப்பந்தக் கூலிகள் வருவதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். நம் சொற்கள் இந்த ஊர்ச் சமையலறைக்கு அவ்வளவு பழையவை. எனக்கு மிகவும் பிடித்தது அம்மி. அது 'ரோஷ் காரி', கறிக்கல். அதன் குழவிக்குப் பெயர் 'பாபா', அதாவது கைக்குழந்தை. குழவி என்றால் தமிழிலும் குழந்தைதானே! மொழியை மறந்தவர்கள் அந்தப் பொருளை மட்டும் மறக்கவில்லை.

அடிக்குறிப்பு வேண்டாம். 'அவள் முரும் உருவிக்கொண்டே பேசினாள்' என்று எழுதினால் கீரை என்று எவருக்கும் புரியும். புரிய வைக்கும் வேலையைக் கையும் பாத்திரமும் செய்துவிடும்.

பாத்திரத்துக்குப் பெயர் எப்படி வைப்பது? ஆறுமுகமா, ஆர்மூகமா?

காதில் விழுந்ததை ரோமன் எழுத்தில் குமாஸ்தா கிறுக்கி வைத்தது இன்று நம் குடும்பப் பெயர். முத்துசாமி மூட்டூசாமி ஆனது அப்படித்தான். நான் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம்: வீட்டில் கூப்பிடும்போது ஆறுமுகம், பள்ளி வருகைப் பதிவிலும் வங்கியிலும் ஆர்மூகம். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது படிப்பவருக்கு இரண்டாம் பக்கத்திலேயே பழகிவிடும்.

என் பாட்டியின் கதையை எழுத ஆசை, ஆனால் பாதிதான் தெரியும். மீதியைக் கற்பனை செய்யலாமா?

என் நிலைமையும் இதுவே. என் பாட்டிக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, 1960 பிப்ரவரியில், கரோல் புயல் அடித்தது. முந்தைய மாதம்தான் அலிக்ஸ் புயல் வந்துபோயிருந்தது. கரோலின் கண் தீவின் மேலேயே கடந்தது. ஊளையிட்ட காற்று திடீரென்று ஓய்ந்து, பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி அடித்தது. இப்படி ஊரறிந்தவற்றில் தவறு செய்யக் கூடாது. மாதத்தை மாற்றிப் போட்டால், அதைக் கடந்து வந்த ஒரு கிழவர் அந்த இடத்திலேயே கதையை மூடிவிடுவார்.

கூலிகளாக வந்த முன்னோரைப் பற்றி என்றால், குடியேற்றப் பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, போய்க் கேளுங்கள். எண்ணும் கப்பலும் வயதும் கிடைக்கும். கப்பலில் அவள் யாருடன் சண்டை போட்டாள் என்பது கிடைக்காது. அங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது.

எல்லோரும் என் கதையைக் குறை சொன்னால் எப்படித் தாங்குவது?

முதல் முறை நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன். மேலே சொன்ன நான்கில் இளிவு என்று பிறகு கணக்குப் போட்டேன்.

மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் அந்த இடம் மேடு பள்ளம்தான், ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர்கள் சொல்லும் வைத்தியத்தை நம்ப வேண்டியதில்லை. என் இரண்டாம் பத்தியில் மூவர் தடுக்கினார்கள், மூவரும் மூன்று மருந்து சொன்னார்கள். நோய் முதல் பத்தியில் இருந்தது.

65 கிலோமீட்டர் நீளத் தீவில் பெயரை மாற்றினால் போதுமா? சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிட மாட்டார்களா?

கண்டுபிடிப்பார்கள், தப்பாக. என் கதையில் வரும் கஞ்ச மாமா தாம்தான் என்று என் மாமா ஒரு மாதம் பேசவில்லை. அவரை நினைத்து நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. உண்மையில் யாரைப் பார்த்து எழுதினேனோ அவர் படித்துவிட்டு, 'இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே' என்று வருத்தப்பட்டார். உயிரோடு இருப்பவரின் நோயையும் கடனையும் நான் தொடுவதில்லை. கோழைத்தனம் என்று வகுப்பில் இரண்டு பேர் சொன்னார்கள். இருக்கலாம், தீபாவளிக்கு அந்த வீட்டுக்கு நான்தானே பலகாரம் கொண்டுபோக வேண்டும்.

கொடுத்த பணத்துக்குத் தகுமா?

ஒன்றைக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்: நான் எழுதும் பக்கத்தை யாராவது படிப்பார்களா? இதற்கு முன்பு இணையவழிப் பயிற்சி ஒன்றுக்குப் பணம் கட்டினேன். முப்பது காணொளிகளும் முத்திரை பதித்த சான்றிதழும் வந்தன. என் எழுத்தில் ஒரு வரியைக்கூட எவரும் படிக்கவில்லை.

தமிழில் எழுதினால் இங்கே யார் படிக்கப் போகிறார்கள்? கிரியோலிலேயே எழுதலாமே?

எழுதுங்கள். 2012 முதல் பள்ளியிலேயே கிரியோல் பாடமாக இருக்கிறது. எங்கள் ஒன்பது பேரில் இருவர் இப்போது கிரியோலில்தான் எழுதுகிறார்கள், நன்றாகவும் எழுதுகிறார்கள். படிப்பவர் எண்ணிக்கையில் தமிழ் தோற்கும், அதில் சந்தேகமில்லை. நம் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998இல் அது இந்திக்குக் கீழே இறங்கியபோது போராடி, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்தோம். நோட்டில் உள்ள தமிழைக் காக்கத் திரண்டவர்களில் எத்தனை பேர் ஒரு சிறுகதையைப் படித்து முடிப்பார்கள் என்று கேட்டால் எனக்குப் பகைதான் மிஞ்சும்.

நான் தமிழில் எழுதுவது பற்றினால் அல்ல. தாந்தின் யார் என்று தமிழ் என்னைக் கேட்கிறது; கிரியோல் கேட்பதில்லை. வகுப்பில் ஒருவர் தம் தாத்தாவைப் பற்றி எழுதினார். 1948 தேர்தலில், தீவின் மொழிகளில் ஏதாவது ஒன்றில் பெயரெழுதத் தெரிந்தால் ஓட்டு என்று வந்தபோது, தாத்தா அடுப்புக்கரியால் தம் பெயரைத் தமிழில் எழுதிப் பழகுகிறார். அவர் எழுதக் கற்ற எழுத்துகள் மொத்தம் ஐந்து. அந்தக் கதையைக் கிரியோலில் படித்துப் பார்த்தோம். அதுவும் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த ஐந்து எழுத்தும் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அவர் தமிழிலேயே வைத்துக்கொண்டார்.

உங்கள் கதையை எப்போது படிக்கலாம்?

முடியவில்லை. மேலே சொன்ன கரோல் கதைதான். நான்கு பக்கம் ஓடிவந்து ஒரு வினைமுற்றில் நிற்கிறது. புயலின் கண் வந்து காற்று ஓய்ந்ததும், வீட்டிலிருந்து ஒருவர் ஆட்டைப் பார்க்க வெளியே போகிறார். காற்று திரும்பி அடித்தபோது அவர் உள்ளே இல்லை. மறுநாள் காலையில்தான் வந்தார்; இரவு எங்கே இருந்தார் என்று கடைசி வரை சொல்லவில்லை. பாட்டி இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார், எப்போதும் கிரியோலில்: 'லி தி சொர்த்தி'. வெளியே போனது பாட்டியின் அப்பாவா, அம்மாவா, அண்ணனா? பாட்டி இருந்தவரை எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. போனார், போனாள், போனான், மூன்றும் மூன்று கதை.

சென்ற மாதம் பாட்டியின் தங்கையைப் பார்க்க வாக்வா போயிருந்தேன். அன்று அவருக்கு ஆறு வயது.

"சின்னப் பாட்டி, அன்றைக்கு வெளியே போனது யார்?"

ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "லி" என்றார்.

"லி என்றால் யார், சின்னப் பாட்டி?"

"லி மெம்," அந்த ஆள்தான், என்று சொல்லிவிட்டு, தேநீர் ஆறுகிறது, குடி என்றார்.